வெளுக்காத துணி

கரு கலைந்த பிறகு அமீருன்னிசாவைச் சிரிக்க வைத்தது, கண்ணாடித் தொட்டியில் இருந்த, வால் நுனி கிழிந்த சிவப்பு மீன்தான். கடை வடிகட்டி வேண்டாமென்று, அவள் கணவன் அய்யூப் வெளுத்த பனியன் துணியில் பை தைத்து, காற்று மோட்டாரில் பொருத்தினான். துணியில் தங்கியிருந்த பிளீச்சிங் பவுடரால் மீன் செத்துப்போனது. முருங்கையடியில் புதைத்தார்கள்.

"மீனுக்கும் பனியன் போட்டுட்டீங்க" என்றாள், சிரிக்காமல்.

மறுநாள் தண்ணீரை மாற்றி, பின்னல் மெஷினிலிருந்து அப்படியே இறக்கிய, வெளுக்காத துணியில் புதுப் பை மாட்டினான்.

"வெறும் தொட்டிக்கு எதுக்குங்க?"

"வேற மீன் வாங்கலாம் புள்ள."

சாயங்காலம், "ஏனுங்க, இங்க வாங்க!" என்று சிரித்தபடி கூப்பிட்டாள். வால் நுனி கிழிந்த அதே மீன் நீந்திக்கொண்டிருந்தது. செதிலில் ஒட்டியிருந்த முருங்கையடி மண் மெல்லக் கரைந்தது. பை அந்த மண்ணை இழுத்துக்கொள்ள, தண்ணீர் தெளிந்தது.