தாண்டிப் போகும் ஒலி

சைரன் கேட்டது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒலி நெருங்கியது. நெருங்க நெருங்கக் கூர்மையானது. வந்துவிட்டான், வந்துவிட்டான் என்று வாய் தானாக முணுமுணுத்தது.

பின்னால், கூடத்துத் தரையில், அவள் கணவர் மதியழகன் சுவரில் சாய்ந்து கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. இடது கையைத் தூக்க முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடந்தது. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோதுதான் நெஞ்சைப் பிடித்தார்.

சைரன் சட்டென்று தாழ்ந்தது.

வேறு யாருக்கும் அது உறைத்திருக்காது. அவளுக்கு உறைத்தது. அவள் நடத்துகிற பதினோராம் வகுப்பு, அலைகள் பாடம். நம்மை நோக்கி வருகிற வண்டியின் ஒலியலைகள் நெருக்கியடித்துக்கொண்டு வரும், சுருதி ஏறும். விலகிப் போகிற வண்டியின் அலைகள் இழுபட்டு வரும்; சுருதி இறங்கும். பலகையில் எழுதிப்போட்டால் எந்தப் பிள்ளைக்கு மண்டையில் ஏறுகிறது? அதனால் வருஷா வருஷம் அவளே ஆம்புலன்ஸ் ஆகிவிடுவாள். வாயாலேயே அலறிக்கொண்டு வாசலிலிருந்து கடைசி பெஞ்சு வரை ஓடுவாள். வகுப்பே மேசையைத் தட்டிச் சிரிக்கும்.

வீட்டில் அவள் ஒத்திகை பார்க்கும்போதெல்லாம் கேட்டுக் கேலி செய்தவர் இவர்.

"டீச்சரம்மா," என்றார் இப்போது. கண் மூடியிருந்தது. "சுருதி இறங்கிடுச்சு."

"பேசாம இருங்க."

"தாண்டிப் போயிட்டான்."



ஐயோ, பால் பூத்!

பால் பூத் எதிர்ச் சந்து என்றுதான் போனில் சொன்னாள். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சிலிண்டர் போடுகிறவருக்கும் அதுதான் அடையாளம், கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவருக்கும் அதுதான். அந்தப் பாழாய்ப்போன பூத்தைச் சாலை அகலப்படுத்த எடுத்துப் பல மாதம் ஆகிறது. சந்துக்காரர்களின் வாயிலிருந்து மட்டும் அதை யாரும் எடுக்கவில்லை. ஓட்டுநர் இல்லாத பூத்தைத் தேடிக்கொண்டே போகிறான்.

புறப்படும்போது அவளை அழைத்திருந்த ஓட்டுநரின் எண்ணை அழுத்தினாள். பிஸி. மறுபடி அழுத்தினாள். பிஸி. அவனும் இந்நேரம் அவளைத்தான் அழைத்துக்கொண்டிருப்பான். யாராவது ஒருவர் நிறுத்த வேண்டும். நிறுத்தப் பயமாக இருந்தது.

கீழ்வீட்டில் ஆளில்லை. காதுகுத்துக்குப் போய்விட்டார்கள்.

போவதா, இருப்பதா? ஓரடி வாசலுக்கு வைத்தாள். ஓரடி அவரிடம் திரும்பினாள்.

"போ," என்றார் அவர். "நான் எங்கயும் போகல."

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். உச்சி வெயிலில் தார் சுட்டது. சந்து முனையில் நின்று, கையோடு எடுத்து வந்த அவருடைய துண்டை வீசிக் காட்டினாள். தூரத்தில் சைரன் தாழ்ந்த சுருதியிலேயே தேய்ந்துகொண்டிருந்தது.

"திரும்புடா. திரும்பித் தொலைடா."

முகம் தெரியாத ஒருவனிடம் திட்டுவதுபோலக் கெஞ்சினாள்.

தேய்ந்துகொண்டிருந்த ஒலி ஓரிடத்தில் நின்றது. தயங்கியது. பிறகு ஏறத் தொடங்கியது.

நடுச்சாலைக்கே போய் நின்றுவிட்டாள்.

"பூத்துன்னீங்களேம்மா, பூத்தே இல்லையே?" என்று ஓட்டுநர் இறங்கும்போதே கேட்டான். படியேறி ஓடினாள்.



வண்டிக்குள் சைரன் மாறவே இல்லை.

ஒரே சுருதியில் தலைக்கு மேலே அலறிக்கொண்டிருந்தது. ஒலியோடு சேர்ந்து போகிறவர்களுக்கு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கல்யாணமான புதிதில் அவர் கேட்ட கேள்விதான் அது.

'சரி டீச்சரம்மா, வண்டிக்குள்ள படுத்திருக்கறவனுக்கு எப்படிக் கேக்கும்?'

'ஒரே மாதிரிதான் கேக்கும்.'

'அப்போ அவனுக்கு வர்றதும் தெரியாது, போறதும் தெரியாது. குடுத்துவெச்சவன்.'

அன்றைக்கு இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இப்போது அவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. அவர் கை அவள் கைக்குள் இருந்தது. வண்டி மேம்பாலத்தில் ஏறியது. பஸ்களும் ஆட்டோக்களும் அரைமனதோடு ஒதுங்கின. ஒதுங்கு, ஒதுங்கு என்று ஒவ்வொன்றையும் மனசுக்குள் விரட்டினாள். உட்கார்ந்த இடத்திலேயே அவள் கால் வண்டியை மிதித்துக்கொண்டிருந்தது.

எதிரே இருந்த உதவியாளர் திடீரென்று எழுந்து அவர் மார்பை அழுத்தத் தொடங்கினார். விடாமல் அழுத்தினார். உதவியாளரின் நெற்றி வியர்வை அவர் சட்டையில் சொட்டியது. பாலம் முடிந்து, சிக்னல் முடிந்து, இன்னொரு சிக்னலும் போன பிறகு கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார்.

பிறகு கையை நீட்டி, ஓட்டுநருக்குப் பின்னாலிருந்த கண்ணாடியை மெல்லத் தட்டினார்.

சைரன் நின்றது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "போடுங்க தம்பி. எவ்வளவு வண்டி நிக்குது பாருங்க. போடச் சொல்லுங்க."

உதவியாளர் மாஸ்க்கைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

வண்டியின் வேகம் குறைந்தது. இதுவரை ஒதுங்கி வழிவிட்ட டவுன் பஸ் ஒன்று, பின்னாலிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே நெருங்கியது. அவள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் அவர்களைத் தாண்டிப் போனது. அதன் சுருதி இறங்கியது.