ராதிசாவின் பெட்டிக்குள் போன கருவி

“என் புருஷன் பெட்டியில எவனாவது கை வச்சீங்க, ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்!” என்று கத்தினாள் மிலுங்கா, சவப்பெட்டியை இரு கைகளாலும் மறித்தபடி.

கல்லறைக்குப் போகும் மேட்டில், பாதி வழியில், டிராக்டர் நின்றிருந்தது. பின்னால் கோத்திருந்த டிரெய்லரின் ஒரு சக்கரம் கழன்று, பிளம்ஸ் தோப்புக்குள் உருண்டு போய்ப் படுத்துக்கொண்டது. ஊரில் எந்த வண்டி நின்றாலும் ஓடி வந்து பார்க்கும் மெக்கானிக் ராதிசாவ், இன்று சாய்ந்த டிரெய்லரில் பெட்டிக்குள் கிடந்தான்.

“நேத்து சாயங்காலம்தான் எல்லா நட்டையும் முறுக்கினேன்க்கா, சத்தியமா!” டிராக்டரை ஓட்டி வந்த அவள் தம்பி தாம்யான் அழுதுவிடுவான் போலிருந்தது.

பக்கத்து வீட்டு ஓப்ராத் குனிந்து பார்த்தான். ராதிசாவுக்குப் பிறகு ஊரில் மிச்சமிருக்கும் ஒரே மெக்கானிக் அவன்தான்.

“நட்டு என்னடா பண்ணும்? மூணு போல்ட்டுல மரை நசுங்கிக் கிடக்கு, நட்டு ஏறவே ஏறாது. இதைச் சரி பண்ண ‘அது’ ஒண்ணாலதான் முடியும்.”

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள்.

‘அது’ என்ன என்று ஊரில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தக் காலத்தில் எல்லோரும் இத்தாலிக்குப் போய் ஜீன்ஸ் வாங்கி வந்தபோது, ராதிசாவ் மட்டும் மரை திருத்துகிற கருவி ஒன்றை வாங்கி வந்தான். உள்ளங்கை அகலம்தான். போல்ட் தடித்ததோ மெலிந்ததோ, அளவுக்குத் திருகி வைத்துச் சுற்றினால் நசுங்கிய மரை புதிதாகிவிடும்.

ஓப்ராத்துக்கு அதன்மேல் இருபத்திரண்டு வருஷ ஆசை. ஆனால் ஒருமுறை சாராயம் காய்ச்சுகிற இடத்தில், ஊரே கூடியிருக்க, “ராதிசாவ் காய்ச்சின ராக்கியாவுல டீசல் நாத்தம் அடிக்குது” என்று வாயை விட்டுவிட்டான். அன்றோடு பேச்சு நின்றது, இரவல் கேட்க வழியும் போனது.

சாகும்போதுகூட ராதிசாவ் விடவில்லை. வீட்டுப் புனிதரின் படத்தின் மேல் மனைவியின் கையை வைக்கச் சொன்னான். “கருவியை என் பெட்டியில வை. உன் கையால அதை ஓப்ராத்துக்குக் கொடுக்கவே கூடாது.” அவளும் சத்தியம் செய்தாள். வைத்தும் விட்டாள்.

“இந்தாம்மா மிலுங்கா,” என்றார் கவ்ரிலோ சாமியார். “பொழுது சாஞ்சா புதைக்கக் கூடாது. எனக்கு அஞ்சு மணிக்கு அடுத்த ஊர்ல ஞானஸ்நானம் வேற இருக்கு. அங்க குழந்தை காத்துக்கிட்டிருக்கு.”

“ஐயோ, ஊர் முன்னாடி என்னை இப்படிப் பண்ண வைக்கிறீங்களே!” மிலுங்கா தலையில் அடித்துக்கொண்டு ஒதுங்கினாள். “நான் எடுத்துத் தர மாட்டேன். வேணும்னா ஓப்ராத்தே எடுத்துக்கட்டும்.”

பெட்டி மூடியில் நாலு திருகாணிக்கு ஓட்டை இருந்தது, இரண்டுதான் போட்டிருந்தார்கள். விரலாலேயே கழன்றன. ராதிசாவின் மார்பில், பூப்போட்ட துண்டில் சுற்றி, கருவி இருந்தது.

“மன்னிச்சுக்கோ ராதிசாவ்,” என்றான் ஓப்ராத். துண்டிலிருந்து கருவியை உருவிக்கொண்டு சாமியார் பக்கம் திரும்பினான்.

“சாமி, ரெண்டு சொட்டு எண்ணெய் வேணும்.”

பிணத்தின் மேல் ஊற்ற வைத்திருந்த எண்ணெயைச் சாமியார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே போல்ட்டில் ஊற்றினார். போல்ட்டின் அடியில் மரை கெடாத இடத்தில் கருவியைக் கவ்வ வைத்து, இறுக்கி, வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டே வந்தான் ஓப்ராத். மூன்று போல்ட்டும் பளபளத்தன. நட்டு வழுக்கிக்கொண்டு ஏறியது. அவனுக்குக் கண் கலங்கியது. பார்த்தவர்கள் ராதிசாவுக்காக என்று நினைத்தார்கள்.

“எடுத்த இடத்துலயே வச்சிரு,” என்றாள் மிலுங்கா. சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு, டிராக்டர் பக்கம் திரும்பி அழ ஆரம்பித்தாள்.

ஓப்ராத் சுற்றிலும் பார்த்தான். எல்லோரும் திரும்ப மாட்டிய சக்கரத்தை உதைத்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தார்கள். கருவி கோட்டுக்குள் போனது. துக்க வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து அவன் சுருட்டி வந்திருந்த தொத்திறைச்சி, துண்டுக்குள் போனது. ஒரே நீளம், ஒரே கனம். மூடியையும் அவனே திருகினான்.

பொழுது சாய்வதற்குள் ராதிசாவ் தொத்திறைச்சியைக் கட்டிப்பிடித்தபடி மண்ணுக்குள் போய்ச் சேர்ந்தான். சாமியார் ஞானஸ்நானத்துக்கு ஓடினார்.

கல்லறை வாசலில், வழக்கப்படி, வெளியே வருகிறவர்களின் கைகளுக்கு மிலுங்கா செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓப்ராத் கடைசி ஆளாக வந்தான். ஒரு கை மட்டும் நீட்டினான். இன்னொரு கை கோட்டை இறுக்கிப் பிடித்திருந்தது.

“இன்னொரு கையையும் நீட்டு. அது ஒண்ணும் கீழ விழாது.”

ஓப்ராத்தின் முகம் வெளுத்தது. “அண்ணி... நான் வந்து... திருப்பி வைக்கத்தான்...”

“எதுக்கு வைக்கணும்? கொடுக்கக் கூடாதுன்னுதானே சத்தியம். நான் கொடுத்தேனா? நாளைக்குக் காலையில அதோட வீட்டுக்கு வா. பிளம்ஸ் பறிக்கணும், ஒரு வண்டியும் ஓடல.”

“அண்ணி, நல்லவேளையா சக்கரம் கழண்டுச்சு,” என்றான் ஓப்ராத், போன உயிர் திரும்பியவனாக. “எல்லாம் அந்த ஆண்டவன் செயல்!”

மிலுங்கா வலது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“ஆண்டவனா? விடியக்காலையில நட்டைக் கழட்டி, சுத்தியலை எடுத்து அந்த மூணு போல்ட்டையும் நசுக்குறதுக்குள்ள என் உயிரே போயிருச்சு!”