அண்ணனின் கோட்டு

சிற்பியின் பட்டறைக்குள் நுழைந்ததுமே தளபதியின் தம்பிக்கு வெங்காய வாடை முகத்தில் அடித்தது.

மேடைமேல் அவருடைய அண்ணனின் கோட்டு நின்றுகொண்டிருந்தது.

நீல ராணுவக் கோட்டு. வெள்ளிப் பொத்தான்கள். இடது கைமடிப்பில் அவர்கள் தாயார் போட்ட தையல். காலருக்கு மேலே, நிலக்கரி படிந்த யாரோ ஒருவனின் கழுத்து.

பெர்லின் படித்துறையில் மூட்டை தூக்குகிறவன். எதையோ மென்றுகொண்டிருந்தான்.

தளபதி இறந்து பதினான்கு மாதம். சிலை செய்வதற்கு வேண்டுமென்று சிற்பி கேட்டபோது, அந்தக் கோட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் கொடுத்தவர் அவர்தான்.

"கழற்று."

சிற்பி கையிலிருந்த களிமண்ணைத் துடைத்தான். தச்சன் மகன். ரோமில் ஆறு வருடம் பயின்றவன். அங்கே தெருப் பிச்சைக்காரர்களை நிற்க வைத்துத்தான் புனிதர்களைச் செய்யப் பழகுவார்களாம்.

"முகத்துக்குத் தளபதி இறந்தன்னிக்கு எடுத்த அச்சு இருக்குங்க. உடம்புக்கு ஆள் வேணுமே. கோட்டை ஆணியில மாட்டி வச்சுச் செஞ்சா, வெறுங்கோட்டுதான் நிக்கும்."

ஊர்ச் சதுக்கத்தில், வெண்கலத்தில், இவன் தோள். அடியில் குடும்பப் பெயர். பேரப்பிள்ளைகள் இவன் காலடியில் மாலை வைப்பார்கள்.

"அந்த உடம்பு எங்கள் குடும்பத்தில் இன்னும் இருக்கிறது."

தம் மேலங்கியைக் கழற்றினார். கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார்.

உள்துணி இன்னும் சூடாக இருந்தது.

அக்குளில் ஈரம். அவனுடைய வியர்வை அவர் சட்டையில் ஊறித் தோலைத் தொட்டது.

மேடை ஏறினார். அணிவகுப்பில் நிற்பதுபோல முதுகை நிமிர்த்தினார்.

சிற்பி களிமண்ணை எடுத்தான். பார்த்தான். கீழே வைத்தான்.

மறுபடி எடுத்தான்.

கால் மணி நேரம் போயிற்று. உருவத்தின்மேல் ஒரு விரல்கூடப் படவில்லை.

மூலையில் சட்டையில்லாமல் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவன், நிமிராமலே சொன்னான்.

"வலது கால்ல பாரத்தைப் போடுங்கய்யா. தளபதி அப்படித்தான் நிப்பாரு. இடது இடுப்புல குண்டு கிடந்துச்சே. ஒன்பது வருசம் அவரு குதிரையைப் பிடிச்சவன் நான்."

குண்டு.

விடுப்பில் வந்தபோதெல்லாம் அண்ணன் வீட்டில் நேராகத்தான் நின்றார். அப்பாவின் முன்னால். அம்மாவின் முன்னால். தம்பியின் முன்னாலும்.

அவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

வெகுநேரம் கழித்து, வலது காலுக்கு மாறினார்.

சிற்பியின் கையில் களிமண் பிசைபடும் சத்தம் கேட்டது.