தவளையின் குளியல் குழி

ஒரு தவளையின் குளியல் குழியில் ஓரமாக விரிசல் விட்டுத் தண்ணீர் கசிந்தது. வேலையைப் பார்க்க வந்த நண்டு சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தது. "அடி மண்ணெல்லாம் ஊறிப்போச்சும்மா. மொத்தமா எடுத்துப் பூசணும். ஒரு பானை ஈசல் ஆகும்."

வாய்க்கு வந்த விலையைச் சொல்கிறது என்று தவளைக்கு எரிச்சல். அடுத்து வந்த பெருச்சாளி உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அரைப் பானை போதும் தங்கச்சி. என்கிட்ட விட்டுடு."

சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் தவளை அப்படியே முன்பணமாகத் தூக்கிக் கொடுத்தது. அன்றைக்கே பெருச்சாளி குழியை நாலா பக்கமும் குடைந்து தள்ளியது. "உள்ள இவ்வளவு மோசமா இருக்கும்னு யாருக்குத் தெரியும்? இன்னும் ஒரு பானை வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனதுதான், ஆளைக் காணோம்.

தவளை நண்டிடம் ஓடியது. "அடுத்தவன் கை வெச்ச வேலையில நான் கை வைக்கிறதில்லம்மா" என்று நண்டு வளைக்குள் போய்விட்டது.

கோடை ஏறியது. தவளையின் தோல் காய்ந்து வெடித்தது. ஒருநாள் பக்கத்து வீட்டு ஆமை வாசலில் வந்து நின்றது. "எங்க குழியும் கசியுது. பெருச்சாளி அரைப் பானைதான் கேக்குது. ஆளு எப்படி?"

உள்ளதைச் சொல்ல வாயெடுத்தது தவளை. அது பெருச்சாளியின் காதுக்குப் போனால் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்காதே!

"தங்கமான ஆளு, அக்கா" என்றது. "உங்க வேலைக்கு வரும்போது இங்கயும் ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லுங்க."