மோசஸ் செட்டு கிழியாது

ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்றுதான் மோசஸ் நினைத்தார்.

கடற்கரை விடுதி மேடையில் ஷ்ரவண் கிடாரில் கை வைத்ததும், இடது பக்கப் பெட்டியிலிருந்து தகரத்தை மணலில் போட்டு இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்னாலேயே டிரம்ஸ்காரன் ஜென்மப் பகை தீர்க்கிறவன் மாதிரி சாத்தினான்.

முப்பது வருஷமாகச் செய்யூர் பக்கத்துக் கல்யாணம், சாவு, சர்ச் எழுப்புதல் கூட்டம் அத்தனைக்கும் மைக் செட் போட்டவர் மோசஸ். 'மோசஸ் செட்டு கிழியாது' என்று எதிர்க் கடைக்காரனே சொல்லுவான்.

விழுந்தடித்துக்கொண்டு பெட்டிக்கு ஓடினார். வலை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் திடமாகத்தான் இருந்தது. வலது பெட்டியும் அப்படியே.

அப்போதுதான் ஷ்ரவணின் காலடியில் இருந்த சின்ன டப்பாவைக் கவனித்தார். மிதித்தால் கரகரத்தது. விட்டால் நின்றது.

வேண்டுமென்றே கிழிக்கிறான்.

"நல்ல சத்தத்த துட்டு குடுத்துக் கெடுக்கிறானுங்க" என்று வெற்றிலையைத் துப்பினார்.

மூன்று வருஷமாக இந்தப் பையன்களை அவர் ஒரு ஆளாக மதித்ததில்லை. கூடுவாஞ்சேரியில் வாடகை வீடு பிடித்து ஒத்திகை என்பார்கள். கீபோர்டு, கம்ப்யூட்டர், பொழுது சாய்ந்த பிறகும் கறுப்புக் கண்ணாடி. நின்று தலையை ஆட்டுவார்கள், இசை தண்ணீர் மாதிரி ஓடும். அதைக் கேட்க ஒரு கூட்டம், அவர்கள் படம் போட்ட பனியனோடு, கார் வைத்துக்கொண்டு மாமல்லபுரம் வரைக்கும் வரும்.

உடம்பு நோகாமல் பேர் வாங்குகிறவர்களை மோசஸுக்குப் பிடிக்காது. அவர்களைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களை அதைவிடப் பிடிக்காது.

மத்தியானமே ஷ்ரவண் வந்து, "இன்னைக்கு நாங்களே பாத்துக்கறோம் தாத்தா, நீங்க சும்மா உக்காந்து கேளுங்க" என்றான். அப்போதே அவருக்குச் சந்தேகம்தான்.

இப்போது கூட்டம் ஆடவில்லை. ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லாரும் திரும்பி மோசஸைப் பார்த்தார்கள்.

"மைக் செட்டு அவுட்டு. யோவ் பெருசு, ஸ்பீக்கர மாத்துய்யா."

மேடையில் இருக்கிறவன்தான் அப்படி வாசிக்கிறான் என்று அதில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. மூன்று வருஷம் ரசித்த காதுகள்.

விடுதி மேனேஜர் காசிநாதன், ஷூவுக்குள் மணல் ஏற ஏற வந்து சேர்ந்தான். "இன்னா மோசஸு, மானத்த வாங்குற. அஞ்சு நிமிஷத்துல சரியாவல, இந்த சீசன் உனக்கில்ல."

"பெட்டி நல்லாத்தான் கீது. அவன் வாசிக்கிறதே அப்டித்தான்."

"எனக்கே கதை வுடுறியா? அவுங்க வாசிச்சு நான் கேட்டதில்ல?"

மோசஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மேடையைப் பார்த்தார். ஷ்ரவணின் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. விரல் நுனியில் ரத்தம். கூச்சலுக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தான். அந்தப் பையன் வேலை செய்து அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பிரமாதமான வேலை என்று சொல்ல முடியாது. ஆனாலும் வேலை.

அதற்காக முப்பது வருஷப் பேரை விட்டுக்கொடுக்க முடியுமா?

மிக்சரில் மேடைக்கான சத்தக் குமிழ்களை எல்லாம் இறக்கினார். கிடார் செத்தது. டிரம்ஸ்காரன் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தினான். மோசஸ் சட்டைப் பையிலிருந்து, போன மாதம் ஷ்ரவண் கொடுத்து வைத்த சிடியை எடுத்துப் போட்டார்.

தண்ணீர் மாதிரி ஓடியது. ஒரு கரகரப்பு இல்லை.

கூட்டம் ஓவென்று கையைத் தூக்கியது.

"இப்ப வந்துச்சு பாரு" என்று காசிநாதன் அவர் தோளைத் தட்டினான்.

ஷ்ரவண் திரும்பினான். மோசஸைப் பார்த்தான். பிறகு கிடாரைக் கழற்றிச் சாய்த்து வைத்தான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீபோர்டு முன்னால் போய் நின்றான். தலை ஆடத் தொடங்கியது. ரத்தம் பட்ட விரல்கள் கட்டைகள் மேல் ஓடின.

மோசஸ் கீழே பார்த்தார். கீபோர்டின் பிளக் மணலில் கிடந்தது.

மூன்று வருஷத்தில் ஒரு நாளும் அவர் அதைச் சொருகியதில்லை.