ஓட்டையை அடைத்த அல்வா

தென்னம்பாளைப் படகில் எலியும் தவளையும் உல்லாசமாகப் போய்க்கொண்டிருந்தன. நடு ஆற்றில் பாறை உரசி, படகின் அடியில் ஓட்டை விழுந்தது. தண்ணீர் பீறிட்டது.

"ஐயோ, தவளையண்ணே! எனக்கு நீச்சல் தெரியாதே!" என்று எலி அலறியது.

தவளை சட்டென்று தன் வாயிலிருந்த அல்வாவை எடுத்து ஓட்டையில் அப்பியது. அதன்பின் ஒரு சொட்டுக்கூட உள்ளே வரவில்லை.

"நான் கிண்டின அல்வாவா அது? காலையில கொடுத்தேனே, இன்னுமா திங்கிறீங்க?"

"கரையவே மாட்டேங்குது, தங்கச்சி. உன் மனசு நோகுமேன்னு சொல்லலை."

எலி வயிறு குலுங்கச் சிரித்தது. படகும் சேர்ந்து குலுங்கியபடியே கரையை நெருங்கியது.

"உயிர் காத்த அல்வாண்ணே! வீட்டுல இன்னும் ஒரு தாம்பாளம் இருக்கு, வாங்க!"

தவளை ஆற்றில் குதித்துவிட்டது.