நகராத புள்ளி

இம்மாநகரில் தமக்குத் தெரியாமல் ஒரு பேருந்தும் நகராது என்பார் கட்டுப்பாட்டு அறை அதிகாரி அறவாழி. நின்றால் ஏன் நின்றது என்பதுதான் தெரியாது. அன்று திரையில் ஒரு பேருந்தைக் காட்டும் பச்சைப் புள்ளி பாலத்தடியில் அசையாமல் கிடந்தது. டிரைவரைப் போனில் பிடித்துக் கத்தினார்.

“கண்டக்டரம்மா பாத்ரூம் போயிருக்காங்க சார். காலையிலேருந்து அடக்கிக்கிட்டே டிக்கெட் போட்டிருக்காங்க, பாவம். பாசஞ்சருங்கதான் பக்கத்து வீட்டுக் கதவத் தட்டி, ‘போய்ட்டு வாம்மா, பஸ்ஸு எங்க ஓடிடப் போவுது’ன்னு அனுப்பினாங்க.”

“டெர்மினஸ்ல புதுசா பாத்ரூம் கட்டியிருக்கே, அது என்னாச்சு?”

“நீங்க வந்து திறந்து வைக்கணும்னு ரெண்டு மாசமா பூட்டிக் கெடக்கு சார்.”

போனில் கண்டக்டரின் விசில் கேட்டது, புள்ளி நகர்ந்தது.

சிவப்பு ரிப்பன் சுற்றி, மரக்கட்டையில் கோத்த அந்தப் பூட்டின் சாவி அறவாழியின் மேசையில்தான் இருந்தது. மின்விசிறிக்குக் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்தார்.